டோக்கன் இல்லாத கேள்வி

எங்க அண்ணி கதையை நான்தான் சொல்லணும். அண்ணன்கிட்ட விட்டா பாதியிலயே சிரிச்சு சொதப்பிடுவான். அண்ணிகிட்ட விட்டா ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவாங்க. "எழுதினேன். கிடைச்சுது." அவ்ளோதான். ஒரு வருஷக் கதைங்க அது! அதை இப்படியா சொல்றது?

முதல்ல ஆளுங்களைச் சொல்லிடறேன். அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அண்ணி டிரை கிளீனிங் கடையில கவுண்டர், எட்டு வருஷமா. நான் லா காலேஜ்ல முதல் வருஷம், வீட்ல என் பேரு வாலு. ஏன்னு கேக்காதீங்க, படிக்கப் படிக்க உங்களுக்கே புரியும். மாடியில ரெண்டு ரூம் வீடு, அதுல நாங்க மூணு பேரு.

அண்ணி கடை கோர்ட்டுக்கு எதிர் வரிசையில இருக்கு. அதனால கடைக்குள்ள நுழைஞ்சா பாதி கம்பி முழுக்க கறுப்பு கோட்டுதான் தொங்கும். எல்லாம் வக்கீலுங்களோடது. எங்க காலேஜ்லயும் பேச்சுப் போட்டி மாதிரி ஒண்ணு வைப்பாங்க, கோட்டு போட்டுக்கிட்டு வாதாடணும். அப்ப என் கோட்டையும் அங்கதான் குடுப்பேன். குடுத்துட்டு வாங்க மறந்துடுவேன்.

போன வருஷம் ஒரு நாள் மொட்டை மாடியில துணி மடிச்சிட்டு இருக்கோம். அண்ணி கேக்கறாங்க, "வாலு, அந்த லா காலேஜ் என்ட்ரன்ஸ் எக்ஸாம் மறுபடி எப்போ வரும்?"

"எதுக்கு?"

"சும்மா. ஒருத்தங்க கேட்டாங்க."

"யாரு அந்த ஒருத்தங்க?"

"இந்தா, இந்த பெட்ஷீட் அந்தப் பக்கம் பிடி."

"அண்ணி, யாரு?"

பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து குரல் மட்டும் வருது. "நான்தான்டி."

அவ்ளோதான், நான் பெட்ஷீட்டை விட்டுட்டேன். திரும்பத் துவைக்க வேண்டியதாப் போச்சு, அது வேற விஷயம். அண்ணி டிகிரி முடிச்சவங்கன்னு எனக்குத் தெரியும். விலங்கியல். ஆனா அந்த சர்டிபிகேட் பீரோவுல புடவைக்கு அடியில எட்டு வருஷமா தூங்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலமே நான் கோச் ஆயிட்டேன். யாரும் என்னைக் கேக்கலை, நானே ஆயிட்டேன். நாலு கலர்ல டைம்டேபிள் போட்டேன். துண்டு துண்டா பேப்பர் வெட்டி 'விடாதே', 'உன்னால் முடியும்', 'இன்னும் நூறு நாள்'னு எழுதி கண்ணாடியில, ஃபிரிட்ஜ்ல, குளியலறைக் கதவுலன்னு கண்ட இடத்துல ஒட்டினேன்.

மறுநாள் காலையில அண்ணன் கத்தறான், "ஏய் வாலு! ஷேவ் பண்ண நின்னா என் மூஞ்சி தெரியலை, 'விடாதே'ன்னு தெரியுது. எதை விடக்கூடாது? தாடியையா?"

"அது உனக்கு இல்ல, அண்ணிக்கு."

"உங்க அண்ணிக்கு எதுக்குடி தாடி?"

ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கறேன், ஒட்டின பேப்பர் ஒண்ணைக்கூட காணோம். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. கடைக்குப் போனா, எல்லாம் அங்க இருக்கு! ஒவ்வொரு பேப்பரையும் திருப்பி, பின்பக்கம் ஒரு கேள்வி எழுதி, துணியில நம்பர் சீட்டு குத்தற ஊக்கால கம்பியில இருக்கிற ஹேங்கர்ல குத்தி வெச்சிருக்காங்க. ஒரு கோட்டைத் தேடிப் போனா வழியில பத்து கேள்வி. தப்பாச் சொன்னா அந்த பேப்பர் கிட்ட வரும், சரியாச் சொன்னா தள்ளிப் போகும். ரெண்டு வாரத்துல பாதி பேப்பர் சுவரோரம் போயிடுச்சு.

நான் கம்முனு என் நாலு கலர் டைம்டேபிளைக் கிழிச்சுப் போட்டேன். இவங்களுக்கு நான் ஊக்கம் குடுக்கறதாம்!

ஆனா ஒரு வேலை எனக்குக் கிடைச்சுது. மதியம் ரெண்டு மணிக்கு மேல கடையில கூட்டம் இருக்காது. கடைக்காரம்மா உள்ள போய் ஒரு குட்டித் தூக்கம் போடுவாங்க. எனக்கும் அதுக்குள்ள காலேஜ் விட்டிடும். நான் போய் கேள்வி கேப்பேன், அண்ணி அயர்ன் பண்ணிக்கிட்டே பதில் சொல்லுவாங்க. ஸ்டீம் புஸ்ஸுன்னு வரும், அதுக்கு நடுவுல ஒப்பந்தம்னா என்ன, குற்றம்னா என்னன்னு வரும்.

ஒரு நாள் போன வருஷக் கேள்வித்தாளை எடுத்துட்டுப் போனேன். நான் எழுதி உள்ள வந்த அதே எக்ஸாம். நூத்தம்பது கேள்வி, ரெண்டு மணி நேரம். ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை இருக்கும், ஒண்ணுக்கு வட்டம் அடிக்கணும். தப்பு பண்ணா மார்க் குறைக்க மாட்டாங்க. அயர்ன் டேபிளை காலி பண்ணி உக்கார வெச்சு, போன்ல டைமர் போட்டேன்.

பத்து நிமிஷம்கூட ஆகலை. அண்ணி பேனாவை வெச்சுட்டாங்க.

"என்ன அண்ணி?"

"இது வேணாம். வேற குடு."

"ஏன்? கஷ்டமா இருக்கா?"

"இல்ல. இதை நான் ஏற்கனவே எழுதிட்டேன்."

"எங்க? புக்லயா?"

"ஹால்ல."

எனக்கு ஒண்ணும் புரியலை. அண்ணி என்னைப் பாக்கலை, அந்தத் தாளைத் தடவிட்டே சொல்றாங்க. "போன வருஷம். நீ எழுதின அன்னைக்குத்தான். உனக்கு வேற ஸ்கூல் போட்டிருந்தாங்க, எனக்கு வேற."

யோசிச்சுப் பாருங்க. அன்னைக்குக் காலையில என் பையில மூணு பேனா வெச்சது அண்ணி. ஹால் டிக்கெட் எடுத்தியா எடுத்தியான்னு நாலு தடவை கேட்டது அண்ணி. அண்ணன்கூட என்னை அனுப்பிட்டு, 'கடையில சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க'ன்னு சொன்னாங்க. நானும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டேன். அவங்க வேற பஸ் ஏறிப் போய் எழுதியிருக்காங்க!

ரிசல்ட் அன்னைக்கு எனக்குத் தொண்ணூத்தேழு. வீடே அமர்க்களம். அண்ணன் டப்பா டப்பாவா ஸ்வீட் வாங்கிட்டு வந்தான். அதைப் பக்கத்து வீடு, கீழ் வீடு, எதிர் வீடுன்னு ஏறி இறங்கிக் குடுத்தது யாரு? அண்ணி.

"உங்களுக்கு எவ்ளோ?"ன்னேன்.

"தொண்ணூறு."

கட் ஆஃப் தொண்ணூத்தி நாலு. நாலே மார்க்குங்க.

"ஏன் சொல்லலை அண்ணி?"

"உன் நாள்டி அது. அதுல போய் நான் என்ன சொல்றது."

நான் அழுதேனா இல்லையான்னு உங்களுக்குத் தேவையில்லை. மூக்கைத் துடைச்சிட்டு, வாத்தியார் மாதிரி கேட்டேன், "எத்தனை கேள்வி விட்டீங்க?"

"இருபத்தேழு."

"என்னது?"

"தெரியலை. விட்டுட்டேன்."

"அண்ணி! தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க! கண்ணை மூடிட்டு இருபத்தேழுக்கும் ரெண்டாவது வட்டம் அடிச்சிருந்தாக்கூட ஆறோ ஏழோ விழுந்திருக்கும்! உள்ள வந்திருப்பீங்க!"

"தெரியும். கை வரலை."

கை ஏன் வரலைன்னு அப்பதான் சொன்னாங்க. கடையில சேர்ந்த முதல் மாசம். ஒருத்தர் அவசர அவசரமா வந்து, டோக்கனைத் தேடிக்கிட்டே, 'அதோ அந்த சாம்பல் கலர் கோட்டு'ன்னு கை காட்டியிருக்காரு. அண்ணியும் அதுவாத்தான் இருக்கும்னு எடுத்துக் குடுத்துட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நிஜமான ஆளு வந்திருக்கான். சின்னப் பையன், மறுநாள் அவனுக்கு வேலை இன்டர்வியூ. அவன்கிட்ட இருந்ததே அந்த ஒரு கோட்டுதான். கத்தலை, சண்டை போடலை. டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் காலி ஹேங்கரையே பாத்துட்டு நின்னானாம். கோட்டு திரும்பி வரவே இல்லை.

"அன்னைக்கு முடிவு பண்ணேன். நிச்சயமாத் தெரியலைன்னா கை வைக்கக் கூடாது"ன்னாங்க.

"இது கோட்டு இல்லையே அண்ணி, கேள்வி!"

"கைக்கு அது தெரியுமா?"

அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்களுக்குள்ள ஒரே மல்லுக்கட்டு. நான் ஒவ்வொரு மாதிரித் தேர்வா குடுப்பேன். அண்ணி எழுதினதுல முக்காவாசி சரியா இருக்கும், எழுதாதது எல்லாம் வெள்ளையா இருக்கும். இருபத்தஞ்சு, இருபத்திரெண்டு, மறுபடி இருபத்தாறு. மிரட்டினேன், கெஞ்சினேன், 'ஒவ்வொரு காலி வட்டத்துக்கும் ஒரு நாள் நான் சாப்பிட மாட்டேன்'னு சபதம் போட்டேன். அந்த சபதம் அன்னைக்கே சாயங்காலம் உடைஞ்சுது. அண்ணன்கூட சிபாரிசுக்கு வந்தான். "ஏம்மா, சும்மா ஒரு குத்து குத்திட்டு வாயேன்."

அண்ணி திருப்பிக் கேட்டாங்க, "நீங்க சிக்னல் தெரியலைன்னா சும்மா ஒரு குத்து குத்திட்டுப் போவீங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பி, "இவ எக்ஸாம் எழுதறதே தண்டம்டி, நேரா கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்"னுட்டு நைஸா நழுவிட்டான்.

எக்ஸாமுக்கு மூணு வாரம். இதே மாதிரி எழுதினா மறுபடி தொண்ணூறு, மறுபடி நாலு மார்க். இன்னொரு தடவை அண்ணி எழுத மாட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். சொல்ல மாட்டாங்க, சர்டிபிகேட்டை மறுபடி அடியில வெச்சிடுவாங்க.

அப்பதான் அந்த வக்கீலம்மா வந்தாங்க.

மதியம் ரெண்டரை இருக்கும். மூச்சு வாங்க ஓடி வர்றாங்க. "என் கோட்டு வேணும், மூணு மணிக்கு கேஸ் இருக்கு. பர்ஸைத் தொலைச்சிட்டேன், டோக்கன் அதுலதான் இருந்துச்சு."

கம்பியில நாப்பது கறுப்பு கோட்டு. பில் புக்ல எல்லாருக்கும் நம்பர்தான், பேரு எழுதற வழக்கமே அந்தக் கடையில கிடையாது. போச்சுடா, 'நாளைக்கு வாங்க'ன்னு அண்ணி சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

அண்ணி நிதானமா கேட்டாங்க, "எப்ப குடுத்தீங்க?"

"திங்கக்கிழமை."

நம்பரைப் பாத்து சர்ருன்னு பாதிக் கம்பியை அந்தப் பக்கம் தள்ளினாங்க.

"உள்துணி என்ன கலர்?"

"உள்பக்கத் துணியா? அதுவும் கறுப்பு... பளபளப்பா இருக்கும்."

ஆறு கோட்டு தள்ளிப் போச்சு.

"பை எந்தத் தோள்ல மாட்டுவீங்க?"

அந்தம்மா முழிக்கிறாங்க. "வலது... ஏன்?"

அண்ணி ஒவ்வொரு கோட்டோட வலது தோளையும் தடவிப் பாக்கறாங்க. தேய்ஞ்சது இருக்கட்டும், தேயாதது தள்ளு. மிச்சம் ரெண்டு. ரெண்டையும் பாத்தாங்க. ஒண்ணுல கைப் பட்டன் கிட்ட லேசா சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளைத் தடம்.

"நீங்க காலேஜ்ல பாடமும் எடுக்கறீங்களா?"

"இல்லையே."

அதையும் தள்ளிட்டு இன்னொண்ணை எடுத்து கவர் போட்டு, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டாங்க. அந்தம்மா பாக்கெட்ல கையை விட்டுப் பாத்துட்டு "இதேதான்! உள்பாக்கெட்ல ஓட்டை!"ன்னு சிரிச்சிட்டு ஓடினாங்க.

நான் ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டேன். நிஜமா ஏறிட்டேன்.

"அண்ணி! டோக்கன் இல்லாம குடுத்தீங்க!"

"கீழ இறங்கு, அது காலு ஆடற ஸ்டூலு."

"நிச்சயமாத் தெரியலைன்னா கை வைக்க மாட்டேன்னீங்களே! இது அவங்களோடதுன்னு எப்படித் தெரியும்?"

"அவங்களோடது இல்லாததை எல்லாம் தள்ளிட்டேன்ல? மிச்சம் இருந்தது..."

அப்படியே நின்னுட்டாங்க. கையில தள்ளின ஹேங்கர். நான் வாயைத் திறக்கப் போனேன், அப்புறம் மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையிலயே நான் வாயை மூடின ஒரே தடவை அதுதான்னு நெனைக்கறேன்.

ஹேங்கரைக் கம்பியில மாட்டிட்டு அண்ணி, "அந்தக் கேள்வித்தாளை எடு"ன்னாங்க.

எடுத்தேன். காலியா விட்ட ஒரு கேள்வி. நாலு விடையையும் நாலு கோட்டு மாதிரி பாக்கறாங்க. "இது 'எப்போதும்'னு சொல்லுது, சட்டத்துல அப்படி எப்போதும்னு எதுவும் வராது, தள்ளு. இது கேள்வியிலயே இல்லாத ஆளைப் பத்திப் பேசுது, தள்ளு. இது ரெண்டு... இதுல தேதி இடிக்குது." வட்டம் அடிச்சாங்க. சரி! அடுத்தது. சரி! அடுத்தது தப்பு. அண்ணி முகம் சுருங்கிச்சு. "பாத்தியா"ன்னாங்க.

"பாத்தேன். இதுல யாரும் காலி ஹேங்கரைப் பாத்துட்டு நிக்கலை அண்ணி"ன்னேன்.

அண்ணி என்னையே பாத்தாங்க. அப்புறம் அடுத்த கேள்வியை இழுத்தாங்க. அன்னையில இருந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு 'டோக்கன் இல்லாத கேள்வி'. அண்ணன்கூட பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் கேப்பான், "இன்னைக்கு டோக்கன் இல்லாம எத்தனை?" ஒவ்வொரு வாரமும் காலி வட்டம் குறைஞ்சுது. பதினாலு. ஒம்பது. நாலு.

எக்ஸாம் அன்னைக்கு நான் காலேஜுக்கு மட்டம். இந்தத் தடவை பையில மூணு பேனா வெச்சது நான், ஹால் டிக்கெட்டை நாலு தடவை கேட்டது நான். அண்ணன் ஷிஃப்ட் மாத்தி, அந்த ஸ்கூல் வழியா போற பஸ்ஸையே கேட்டு வாங்கிட்டான். டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் அண்ணிகிட்ட வந்தா, முன்னாடி இருந்து குரல், "அவங்க டிக்கெட் டிரைவர் கணக்கு!"

வெளியில கேட் கிட்ட எல்லாம் அப்பா அம்மாக்கள். ஒருத்தர் பேச்சுக் குடுத்தாரு. "யாரு எழுதறாங்க? அக்காவா?"

"எங்க அண்ணி"ன்னேன். சும்மா சொல்லலை, கேட் வாட்ச்மேனுக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

எல்லாரும் வந்த பிறகு கடைசியா அண்ணி வந்தாங்க. ஓடிப் போய் முதல் கேள்வி, "எத்தனை விட்டீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா! சூப்பர் அண்ணி! ஆனா... ஏன் அந்த ஒண்ணு?"

"நாலும் ஒரே மாதிரி இருந்துச்சு. எதைத் தள்ளறதுன்னே தெரியலை. அது யாரோடதோ. குடுக்கலை."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அந்த ஒத்தை மார்க்ல போச்சுன்னா? நாப்பது நாள் எனக்கு அந்த ஒரு வட்டம்தான் கனவுல வந்துச்சு. அண்ணி நிம்மதியாத் தூங்கினாங்க.

ரிசல்ட் மதியம் வந்துச்சு. காலேஜ்ல இருந்தே ஓட்டம். கடைக்குள்ள நுழைஞ்சு, "அண்ணீ! வந்தாச்சு! நூத்தி நாலு! கட் ஆஃப் தொண்ணூத்தாறு!"

கவுண்டர்ல மூணு பேரு நிக்கறாங்க. அண்ணி ஒருத்தரோட டோக்கனைப் பாத்துட்டு இருக்காங்க. "இரு"ன்னாங்க.

"இருவா? அண்ணி, நூத்தி நாலு!"

டோக்கன் நம்பர், துணியில குத்தின நம்பர், ரெண்டையும் உதட்டை அசைச்சுப் படிச்சு, மறுபடி ஒரு தடவை படிச்சு, கவர் போட்டு, அவரை அனுப்பிட்டுத்தான் திரும்பினாங்க. "போனைக் குடு"ன்னாங்க. டிராயர்ல இருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாங்க. எப்பவும் அங்கதான் வெச்சிருந்திருக்காங்க, டோக்கன் கட்டுக்குப் பக்கத்துலயே. விரலை வெச்சு ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாக்கறாங்க. ஒரு தடவை. உதடு அசையுது. இன்னொரு தடவை. வரிசையில நிக்கற ரெண்டு பேரும் எட்டிப் பாக்கறாங்க. ஒருத்தர் என்கிட்ட மெதுவா, "என்னம்மா, துணி மாறிப் போச்சா?"

"இல்ல சார். எதுவும் மாறலை"ன்னேன்.

அண்ணி ஹால் டிக்கெட்டை கீழ வெச்சாங்க. "என்னோடதுதான்"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. ஆனா அந்த முகம் இருக்கே! எட்டு வருஷமா அந்த கவுண்டர்ல நின்ன எவனும் பாத்திருக்க மாட்டான். உள்ள தூங்கிட்டு இருந்த கடைக்காரம்மா என் சத்தத்துல எழுந்து வந்து, விஷயம் கேட்டு, "எட்டு வருஷமா கோட்டு தேய்ச்சவளுக்கு இனி போட்டுக்கவும் வரும்!"னு அண்ணி கன்னத்தைப் பிடிச்சு இழுத்தாங்க.

அண்ணனுக்குப் போன் போட்டோம். பஸ் ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான், கண்டக்டர்தான் எடுத்தாரு. நான் சொல்லி முடிக்கலை, அந்தப் பக்கம் கேக்குது, "டிரைவர் சம்சாரம் லா காலேஜ் பாஸ்!" பஸ்ஸே கை தட்டுது. அப்புறம் ஹாரன். நீளமா. எங்க அண்ணன் தேவையில்லாம ஹாரன் அடிக்கவே மாட்டான், அன்னைக்கு அடுத்த ஸ்டாப் வரைக்கும் அடிச்சானாம்.

என்னைவிட ஏழு மார்க் கூட. அதை நானே ஊர் பூரா சொல்லிட்டு இருக்கேன், அண்ணி சொல்ல மாட்டாங்கல்ல? இந்தத் தடவை ஸ்வீட் டப்பாவைத் தூக்கிட்டு ஏறி இறங்கினது நான். கீழ் வீட்ல ரெண்டு தடவை குடுத்தேன், தெரிஞ்சேதான்.

ரிசல்ட் அன்னைக்கே, கடையில கூட்டம் கொஞ்சம் குறைஞ்சதும் கவுண்டர்ல சாஞ்சுக்கிட்டு கெத்தா சொன்னேன், "ஞாபகம் இருக்கட்டும் அண்ணி, காலேஜ்ல நான் உங்களுக்கு சீனியர்."

"சரிங்க சீனியர். உங்க கோட்டு மூணு வாரமா இங்க தொங்குது. டோக்கன் எங்க?"

பையைத் தேடினேன். பாக்கெட்டைத் தேடினேன்.

"தொலைஞ்சு போச்சு."

அண்ணி கம்பிகிட்ட போய் நின்னு, கையைக் கட்டிக்கிட்டாங்க. "உள்துணி என்ன கலர்?"

"அண்ணி, நான்தான்! வாலு!"

"பட்டன் எத்தனை?"

"...மூணு? ரெண்டு?"

"அப்ப குடுக்க முடியாது"ன்னு சொல்லிட்டு, எங்க அண்ணி அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.